எத்துப்பல்: கிளிப்பா, அலைனரா என்று கேட்பதற்கு முன்

எத்துப்பல்லோடு பிள்ளையை அழைத்துவரும் பெற்றோர் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: கம்பி கிளிப் போடலாமா, வெளியே தெரியாத பிளாஸ்டிக் தகடான அலைனர் போடலாமா? உண்மையில் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. பல் முன்னால் வந்திருக்கிறதா, கீழ்த்தாடை பின்தங்கிவிட்டதா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளைக்கு இன்னும் வளர்ச்சி மிச்சம் இருக்கிறதா என்பது அடுத்தது. இவ்விரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் சிகிச்சை வழிகளில் சில தாமாகவே விலகிவிடும். கம்பியா அலைனரா என்பதை அதன்பிறகு நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பிள்ளையைப் பக்கவாட்டில் நிற்கவைத்து, கடைவாய்ப்பற்களைச் சேர்த்துக் கடிக்கச் சொல்லுங்கள். மேல் வெட்டுப்பல்லின் நுனிக்கும் கீழ் வெட்டுப்பல்லின் முன்பக்கத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். 2 அல்லது 3 மி.மீ. இருந்தால் இயல்பு. பிரிட்டன் அரசு மருத்துவத்தில் சிகிச்சைத் தேவையைத் தரம்பிரிக்கும் குறியீடு ஒன்று உண்டு. அதில் 6 மி.மீ.யைத் தாண்டினால் ஐந்தில் நான்காம் நிலை, 9 மி.மீ.யைத் தாண்டினால் ஐந்தாம் நிலை. அடுத்து, மேல் கீழ் முன்பற்களின் நுனிகள் தொட்டுக்கொள்ளும்வரை கீழ்த்தாடையை முன்னால் நகர்த்தச் சொல்லி, முகத்தை மறுபடி பக்கவாட்டில் பாருங்கள். முகம் அழகாகி, உதடுகள் சிரமமில்லாமல் மூடினால் பின்தங்கியது கீழ்த்தாடைதான். வாய்ப்பகுதி இன்னும் புடைத்துத் தெரிந்தால் குறை மேல்தாடையிலோ மேல்பற்களிலோ இருக்கிறது. மருத்துவரும் நாற்காலியில் உட்காரவைத்து இதையேதான் செய்து பார்ப்பார். பிறகு பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரேயில் கோணங்களை அளந்து உறுதிசெய்வார்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டில் அதை நிறையவே பார்க்கலாம். மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டுமே முன்னால் சாய்ந்திருக்கும். ஸ்கேல் வைத்து அளந்தால் 3 மி.மீ.தான் வரும், ஆனால் உதடு மூடாது. மூடச் சொன்னால் மோவாயில் தோல் சுருங்கிக் குழிகுழியாகத் தெரியும். இந்தப் பிள்ளைகளுக்குக் கீழ்த்தாடையை முன்னால் கொண்டுவரும் கருவியால் எந்தப் பயனும் இல்லை. பற்களுக்குப் பின்னால் இடம் உண்டாக்கி இரண்டு வரிசையையும் உள்ளே கொண்டுபோவதுதான் வழி.

எட்டு வயதில் தொடங்கலாமா?

பால்பற்கள் விழுந்து பெரிய முன்பற்கள் வெளியே நீட்டிக்கொண்டு வரும் வயது இது. பெற்றோருக்குப் பதற்றம் வருவது இயல்பு. பல்சீரமைப்புப் பேராசிரியர் கெவின் ஓபிரையன் தலைமையில் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில் 8 முதல் 10 வயதுப் பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடனே கருவி கொடுத்தார்கள், மற்றக் குழுவைக் காத்திருக்க வைத்தார்கள். முதல் முடிவுகள் 2003-இல் வந்தன. உடனே தொடங்கியவர்களின் பல் நன்றாக உள்ளே போயிருந்தது. 2009-இல் அதே பிள்ளைகளைப் பதின்பருவத்தில் மறுபடி பார்த்தபோது இரண்டு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. முதலில் தொடங்கியவர்கள் அதிக முறை மருத்துவரிடம் போய்வந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அதற்காக எட்டு வயதில் ஒருபோதும் தொடங்கக்கூடாது என்றும் சொல்லிவிட முடியாது. நீட்டியிருக்கும் முன்பல் விழுந்து அடிபட்டு உடையும் ஆபத்து அதிகம். முன்கூட்டியே சிகிச்சை செய்தால் அந்த ஆபத்து குறைகிறது. பிள்ளை ஏற்கெனவே ஒருமுறை பல்லில் அடிபட்டிருந்தால், அல்லது பள்ளியில் கேலி தாங்காமல் வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறது என்றால், தொடங்குவதற்கு அதுவே போதுமான காரணம். விரல் சூப்பும் பழக்கத்தையும், மூக்கடைப்பால் வாய்வழியே மூச்சு விடுவதையும் இந்த வயதிலேயே சரிசெய்ய வேண்டும். மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை பெரிதாக இருக்கும் பிள்ளைக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்காமல் கருவி மட்டும் மாட்டிவிட்டால் வாய் மூடாது, பலன் நிற்காது.

இதற்கு நேர்மாறான குறை உள்ள பிள்ளைகள் காத்திருக்கவே கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கீழ்வரிசை மேல்வரிசைக்கு முன்னால் கடித்தால், மேல்தாடையை முன்னிழுக்கும் முகக்கருவி சுமார் 7 முதல் 10 வயதுக்குள்தான் நன்றாக வேலை செய்யும். ‘பன்னிரண்டு வயசு ஆகட்டும், பார்க்கலாம்’ என்ற பொது அறிவுரை அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய இழப்பு.

வளர்ச்சி வேகம் எடுக்கும்போது: ட்வின் பிளாக்

கீழ்த்தாடை பின்தங்கிய பிள்ளைக்குச் சரியான பருவம், உயரம் கிடுகிடுவென ஏறும் காலம். பெண்களுக்குப் பெரும்பாலும் 10 முதல் 13, ஆண்களுக்கு ஓரிரு ஆண்டு பின்னால். வயதைவிடக் கழுத்தெலும்பு நம்பகமானது; அதே பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கழுத்து முள்ளெலும்புகளின் வடிவத்தைப் பார்த்து வளர்ச்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கணிக்கிறார்கள். பூப்படைந்து இரண்டு மூன்று ஆண்டு கடந்த பெண்ணுக்குக் கீழ்த்தாடையை முன்னால் கொண்டுவரும் ட்வின் பிளாக் கருவியைப் பரிந்துரைத்தால் ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ட்வின் பிளாக்கை ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் கிளார்க் 1977-இல் உருவாக்கினார். மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டு, கீழே ஒரு தட்டு. இரண்டிலும் சாய்வான மேடைகள் இருக்கும். சுமார் 70 பாகைச் சாய்வில் அவை ஒன்றோடொன்று மோதும். வாயை மூடினால் கீழ்த்தாடை முன்னால் சறுக்கித்தான் மூட முடியும். தாடை முன்னே வரும்போது மேல்வளைவு அதற்குக் குறுகலாகப் போய்விடும். அதனால் மேல்தட்டின் நடுவில் ஒரு திருகு வைத்திருப்பார்கள். சாவியால் ஒரு கால் திருப்பு திருப்பினால் சுமார் 0.25 மி.மீ. விரியும். வாரத்துக்கு எத்தனை திருப்பு என்று மருத்துவர் எழுதித்தருவார். மறந்த வாரத்துக்கும் சேர்த்துத் திருப்பக்கூடாது.

இதை நாள் முழுக்கப் போட வேண்டும், சாப்பிடும்போதும்தான். பல் துலக்கவும் நீச்சலுக்கும் மட்டும் கழற்றலாம். முதல் சில நாள் எச்சில் ஒழுகும், பேச்சு குழறும், காதருகே தசை வலிக்கும். ஒரு வாரத்தில் பழகிவிடும். 9 முதல் 12 மாதம் ஆகும். நடுவில் முன்பல் சேர்ந்துவிட்டு, கடைவாய்ப்பக்கம் இடைவெளி தெரியும்போது பெற்றோர் பயந்துபோகிறார்கள். அது எதிர்பார்த்ததுதான். மேல்மேடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துவிட்டால் கீழ்க் கடைவாய்ப்பல் மேலெழும்பி அந்த இடத்தை நிரப்பும். முகம் நீளமாக, முன்பல் கடிக்காமல் திறந்தே இருக்கும் பிள்ளைக்கு மட்டும் அந்த மேடையைத் தேய்க்கக்கூடாது.

இது எவ்வளவு வேலை செய்யும் என்பதைக் கூட்டிச் சொல்வோர் உண்டு. 10 மி.மீ. இடைவெளி 3 மி.மீ. ஆகிவிடும், அது உண்மை. அதில் பெரும்பங்கு மேல்பற்கள் பின்சாய்வதாலும் கீழ்ப்பற்கள் முன்சாய்வதாலும் வருகிறது. எலும்பிலிருந்து கிடைப்பது ஓரிரு மில்லிமீட்டர்தான். ‘மோவாய் புதிதாக வளரும்’ என்று நம்பித் தொடங்காதீர்கள். ஆனாலும் பெரிய இடைவெளியைப் பல் பிடுங்காமல் குறைப்பதற்கும், பிறகு கம்பி போடும் காலத்தைச் சுருக்குவதற்கும் இந்தப் பருவத்தில் இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

தோற்றுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: பிள்ளை போடுவதில்லை. பிரிட்டனில் இரண்டு கருவிகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில் ட்வின் பிளாக் கொடுத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் முடிக்கவே இல்லை. பல்லோடு ஒட்டிவிடும் ஹெர்ப்ஸ்ட் கருவியில் அது ஏறத்தாழ எட்டில் ஒருவர். ஹெர்ப்ஸ்டில் வேறு தொல்லை: அடிக்கடி உடையும், ஒவ்வொரு முறையும் ஓட வேண்டும். கண்ணாடியைப் போடச் சொன்னாலே பையில் வைத்துவிடும் பிள்ளை என்றால் ஹெர்ப்ஸ்டையே கேளுங்கள்.

வளர்ச்சி முடிந்தபின்: பல்லை நகர்த்துவதா, தாடையையா?

பதினாறு பதினேழு வயதுக்கு மேல் வருபவர்களுக்கு இரண்டே வழி. எலும்பை இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, பல்லை நகர்த்திக் குறையை மறைப்பது ஒன்று. அறுவை செய்து தாடையையே நகர்த்துவது இன்னொன்று. இந்த முடிவைத் தொடக்கத்திலேயே எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் இரண்டும் பல்லை எதிரெதிர்த் திசையில் கொண்டுபோகின்றன. மறைக்கும் வழியில் மேல்பல் பின்னால் போகும், கீழ்ப்பல் முன்னால் வரும். அறுவைக்குத் தயார்செய்யும்போது சாய்ந்த பற்களை நிமிர்த்தி, இடைவெளியை வேண்டுமென்றே கூட்டுவார்கள். அப்போதுதான் தாடையை முன்னால் கொண்டுவர இடம் இருக்கும். இரண்டு ஆண்டு மறைத்துவிட்டு, முகம் பிடிக்கவில்லை என்று அறுவைக்குப் போனால் மூடிய இடத்தை மறுபடி திறக்க வேண்டியிருக்கும்.

மறைக்கும் வழியில் வழக்கமாக மேலே இரண்டு முன்கடைவாய்ப்பற்களை எடுப்பார்கள். இரண்டு வரிசையும் முன்சாய்ந்தவர்களுக்கு நான்கு. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற பயம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. பல்லின் உணர்வை எடுத்துச்செல்லும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல் எடுப்பதால் பார்வைக்கு ஒன்றும் ஆகாது.

பயப்பட வேண்டியது இடக் கணக்கைப் பற்றி. ஒரு முன்கடைவாய்ப்பல் எடுத்தால் பக்கத்துக்குச் சுமார் 7 மி.மீ. இடம் கிடைக்கும். பற்கள் நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் அதைப் பிரிக்கவே 3 மி.மீ. போய்விடும். மிச்சம் 4. முன்பல்லைப் பின்னால் இழுக்கும்போது நங்கூரம்போல் பிடித்திருக்கும் கடைவாய்ப்பல்லும் முன்னால் நகரும். அது 2 மி.மீ. வந்துவிட்டால் முன்பல் உள்ளே போவது வெறும் 2 மி.மீ. ‘நாலு பல் எடுத்தும் முகம் அப்படியேதான் இருக்கிறது’ என்று வருந்துவோரில் பலருக்கு நடந்தது இதுதான். அதனால் முன்பல் நிறைய உள்ளே போக வேண்டியவர்களுக்கு, கடைவாய்ப்பல் நகராமல் பிடித்து நிறுத்த, எலும்பில் மினி ஸ்க்ரூ என்ற சிறு திருகு வைப்பார்கள். சுமார் 1.5 மி.மீ. தடிமன், 8 மி.மீ. நீளம். கடைவாய்ப்பல் வேர்களுக்கு நடுவே லேசாக மரத்துப்போகச் செய்து திருகுவார்கள், தையல் இல்லை. ஏழெட்டில் ஒன்று தளர்ந்து விழுந்துவிடும். வேரைத் தொட்டிருந்தாலும், சுற்றிலும் ஈறு வீங்கினாலும் அப்படி ஆகும். வேறு இடத்தில் மறுபடி வைத்துக்கொள்ளலாம். ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, ‘எத்தனை பல் எடுப்பீர்கள்’ என்பதைவிட, ‘எடுத்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் முன்பல்லுக்குப் போகும், கடைவாய்ப்பல்லை எதைக்கொண்டு பிடித்து நிறுத்துவீர்கள்’ என்பதே.

இந்த வழி யாருக்கு ஒத்துவராது? மூக்கு எடுப்பாக, மேலுதடு ஏற்கெனவே உள்வாங்கியிருப்பவர்களுக்கு. மேல்பல் உள்ளே போனால் உதடும் கூடவே பின்வாங்கும், மூக்கு இன்னும் பெரிதாகத் தெரியும், இல்லாத மோவாய் இல்லாததாகவே நிற்கும். இடைவெளி 10 மி.மீ.யைத் தாண்டிய, வளர்ச்சி முடிந்த ஒருவருக்குப் பல்லை மட்டும் நகர்த்தி நல்ல முடிவு கொண்டுவருவது கடினம்.

அறுவையில் கீழ்த்தாடையை இரண்டு பக்கமும் நீளவாக்கில் பிளந்து, முன்னால் நகர்த்தி, டைட்டானியம் தகடும் திருகும் வைத்துப் பிடிப்பார்கள். வெட்டு வாய்க்குள்ளேயே இருப்பதால் முகத்தில் பெரிய தழும்பு வராது. 1957-இல் டிரவுனர், ஒப்வேகெசர் என்ற இரு அறுவை மருத்துவர்கள் வெளியிட்ட முறைதான் அடிப்படை. பிறகு பலர் திருத்தியிருக்கிறார்கள். பெண்களுக்குச் சுமார் 17, 18 வயதுக்குப் பின், ஆண்களுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி. கீழ் ஞானப்பல் புதைந்திருந்தால் பல மருத்துவர்கள் ஆறு மாதம் முன்பே அதை எடுத்துவிடச் சொல்வார்கள். பிளக்கும் இடம் அதுதான். கம்பி எப்படியும் உண்டு: அறுவைக்கு முன் 12 முதல் 18 மாதம், பின் ஆறு மாத அளவில். அறுவைக்கு முந்தைய அந்த மாதங்களில் முகம் இன்னும் மோசமாகத் தெரியும். அதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் குடும்பமே கலங்கிவிடும். திருமணம், வேலைத் தேர்வு தேதிகளை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரங்களில் கஞ்சி, மோர், வடிகட்டிய சூப். ஆறு வாரம்வரை மெல்ல வேண்டியிராத உணவு. கீழுதடும் மோவாயும் மரத்துப்போவது ஏறக்குறைய எல்லாருக்கும் உண்டு; தாடைக்குள் ஓடும் நரம்பு அந்தப் பிளவை ஒட்டியே போகிறது. பெரும்பாலோருக்கு மாதக்கணக்கில் உணர்வு திரும்பிவிடும், சிலருக்கு ஓரளவு மரமரப்பு நிலைத்துவிடும். கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று நோயாளியே யோசிக்க வேண்டும், பெற்றோர் அல்ல. குறட்டையும் மூச்சடைப்பும் உள்ளவருக்குத் தாடை முன்வருவது மூச்சுப்பாதையையும் விரிக்கும். அங்கே தராசு அறுவைப் பக்கம் சாய்கிறது. மோவாய் மட்டும் சிறிது, கடி நன்றாக இருக்கிறது என்றால் மோவாய் எலும்பை மட்டும் முன்நகர்த்தும் சிறிய அறுவையே போதும்.

இனி, கம்பியா அலைனரா

பல் எடுத்து 7 மி.மீ. இடத்தை மூட வேண்டியவருக்கு எங்கள் தேர்வு உலோகக் கம்பிதான். முன்பல்லைச் சாய்க்காமல் வேரோடு சேர்த்துப் பின்னால் கொண்டுபோக, செவ்வக வடிவ எஃகுக் கம்பி, பல்லில் ஒட்டும் சிறு பிடியான பிராக்கெட்டின் பள்ளத்தை நிரப்பி நிற்க வேண்டும். வேர்மீது அந்தப் பிடி பிளாஸ்டிக் தகட்டுக்கு எளிதில் வராது. முதலில் 0.014 அங்குல நிக்கல் டைட்டானியம் கம்பியில் தொடங்கிப் படிப்படியாக 0.019க்கு 0.025 எஃகுக்கு வருவார்கள். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டும். இடம் மூடுவது மாதம் சுமார் 1 மி.மீ. பல் எடுத்த சிகிச்சைக்கு இரண்டு ஆண்டு, சிலருக்கு இரண்டரை. ரப்பர் கட்டாமல் தானே பூட்டிக்கொள்ளும் செல்ஃப் லைகேட்டிங் பிராக்கெட் சீக்கிரம் முடிக்கும் என்று விளம்பரம் வருகிறது. ஒப்பீட்டு ஆய்வுகளில் மொத்தக் காலம் குறையவில்லை. அதற்கென்று கூடுதலாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

செராமிக் பிராக்கெட் நிறத்தில் பல்லோடு ஒன்றிவிடும். ஆனால் அதைக் கட்டும் நிறமில்லாத ரப்பர் வளையம் நம் சமையலில் தாக்குப்பிடிக்காது. சாம்பாரின் மஞ்சள் ஓரிரு நாளில் ஏறிவிடும். அடுத்த முறை மாற்றும்வரை அந்த மஞ்சள் வளையத்தோடுதான். சாம்பல் நிற வளையம் கேட்டு வாங்குங்கள். செராமிக் எனாமலைவிடக் கடினம். மேல்பல் ஆழமாகக் கீழிறங்கிக் கடிப்பவருக்குக் கீழ்வரிசையில் செராமிக் ஒட்டினால் மேல்பல்லின் நுனி தேய்ந்துவிடும். மேலே செராமிக், கீழே உலோகம் என்பதே அவர்களுக்குப் பொருத்தம். நாக்குப்பக்கம் ஒட்டும் லிங்குவல் கிளிப் முழுக்க மறைவானது. விலை கூடுதல், முதல் வாரங்களில் நாக்குப் புண்ணாகும், எல்லா ஊரிலும் செய்யும் கை இல்லை.

அலைனர் நல்ல கருவிதான், இடம் பார்த்துப் பயன்படுத்தினால். பல் எடுக்கத் தேவையில்லாத லேசான எத்துப்பல், பற்களுக்கு இடையே சந்து, முன்பு கிளிப் போட்டு மறுபடி நகர்ந்துவிட்ட பற்கள் ஆகியவற்றுக்கு அது போதும். ஒவ்வொரு தகடும் பல்லைச் சுமார் 0.25 மி.மீ. நகர்த்தும், ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு தகடு. கணினித் திரையில் காட்டும் நகர்வு முழுவதும் வாயில் நடப்பதில்லை. உருண்டையான கோரைப்பல்லைச் சுழற்றுவதிலும் பல்லைக் கீழிறக்குவதிலும் அதிகம் பின்தங்கும். அதனால் நடுவில் மறுபடி அளவெடுத்துக் கூடுதல் தகடுகள் செய்வது சாதாரணம். அந்தக் கூடுதல் தகடு விலையில் அடக்கமா, தனியா என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள்.

ஒரு நாளில் 22 மணி நேரம் போட வேண்டும். மிச்சம் இரண்டு மணி நேரம். காலை காபி, டிபன், பதினொரு மணிக்கு டீ, மதியச் சாப்பாடு, மாலை காபி, இரவு உணவு என்று கூட்டிப்பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் கழற்றி, வாய் கொப்பளித்து, மாட்ட வேண்டும். தகட்டோடு காபி குடித்தால் கறை ஏறுவதோடு, இனிப்புத் திரவம் பல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே தங்கிப் பல்லைச் சொத்தையாக்கும். நடுக் காபிகளை விட முடியாதவர் கம்பியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பல் மருத்துவர் நேரில் பார்க்காமலே தபாலில் தகடு அனுப்பும் முறையை முற்றாகத் தவிர்த்துவிடுங்கள். அப்படி விற்ற அமெரிக்க நிறுவனமான ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் மூடியபோது பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் கைவிடப்பட்டார்கள். எக்ஸ்ரே இல்லாமல், ஈறு நோய் இருக்கிறதா என்று பார்க்காமல் பல்லை நகர்த்தினால் ஆடும் பல் மேலும் ஆடும்.

கம்பி போட்டவர்களுக்கு நேரும் கெடுதி பெரும்பாலும் துலக்காததால் வருவது. பிராக்கெட்டைச் சுற்றி அழுக்கு தங்கினால் நான்கே வாரத்தில் வெள்ளைத் தழும்பு விழத் தொடங்கும். கிளிப்பைக் கழற்றியபின் அது சதுரம் சதுரமாகத் தெரியும். ஃபுளோரைடு பற்பசை, கம்பிக்குக் கீழே நுழையும் சிறு பிரஷ், தினமும் 0.05 சதவீத சோடியம் ஃபுளோரைடு கொப்பளிப்பு இவை போதும். முறுக்கு, தட்டை, சீடை, கடலை மிட்டாய், கரும்பு, எலும்பு கடிப்பது ஆகியவை பிராக்கெட்டைப் பெயர்த்துவிடும். பெயர்ந்த பல் நின்றுபோகும், மற்றவை நகரும், சிகிச்சை நீளும். வேர் நுனி ஓரிரு மில்லிமீட்டர் கரைவது பலருக்கு நடக்கும், தொந்தரவு தராது. சிலருக்கு அதிகம் கரையும் என்பதால் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

செலவு தாங்காதவர்களுக்குப் பல் மருத்துவக் கல்லூரிகள் நல்ல இடம். சென்னையில் 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் பேராசிரியர் மேற்பார்வையில் முதுகலை மாணவர்கள் செய்வார்கள். அந்தப் படிப்பு மூன்று ஆண்டு. உங்கள் சிகிச்சை இரண்டரை ஆண்டு. முதலாண்டு மாணவரிடம் சேர்ந்தால் பெரும்பாலும் ஒரே கையில் முடியும். இறுதியாண்டு மாணவரிடம் சேர்ந்தால் நடுவில் கை மாறும், திட்டமும் மாறக்கூடும். பதிவு செய்யும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வழியானாலும், நகர்த்திய பல்லை அதே இடத்தில் பிடித்துவைக்கும் ரிட்டெய்னர் உண்டு. பல் எடுத்து மூடிய இடம் திறக்கப் பார்க்கும், சுழற்றிய பல் பழைய கோணத்துக்குத் திரும்பப் பார்க்கும். கீழ் ஆறு முன்பற்களின் பின்னால் மெல்லிய கம்பி ஒட்டுவதும், மேலே இரவில் கழற்றி மாட்டும் தகடும் சேர்ந்தது நல்ல ஏற்பாடு. ஒட்டிய கம்பி ஒரு பல்லில் மட்டும் விட்டுப்போனால் நமக்குத் தெரியாது, அந்தப் பல் மட்டும் மெல்ல வெளியே வரும். நாக்கால் தடவி மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒளி ஊடுருவும் தகட்டை வெந்நீரில் கழுவினால் நெளிந்துவிடும். கல்யாணப் பந்தியில் கழற்றித் தாளில் சுற்றி இலையோரம் வைத்தால் இலையோடு சேர்ந்து போய்விடும். தொலைந்தால் வாரம் கடத்தாமல் போய்ச் சொல்லுங்கள், கடைசியாக எடுத்த பல் அச்சையோ ஸ்கேனையோ வைத்திருந்தால் அதிலேயே புதிது செய்துவிடலாம்.